வேர் சிகிச்சையில் பொருள் மயக்கம்

சொத்தை ஆழமாகிக் கூழ் அழுகிப்போன பல்லைப் பிடுங்காமல் காப்பாற்றச் செய்யப்படும் வேர் சிகிச்சையில் மூன்று வேலைகள் இருக்கின்றன. பல்லின் மேற்புறத்தைத் துளைத்து, வேர்க்குழாய்களின் வாயைக் கண்டுபிடித்து, மெல்லிய ஃபைல்களாலும் மருந்து நீராலும் உள்ளே இருப்பதைச் சுத்தம் செய்வது முதல் வேலை. காலியான குழாயைக் கட்டா பெர்ச்சா குச்சிகளாலும் சீலர் எனும் பசையாலும் அடைப்பது இரண்டாவது. அதன் மேல் நிரந்தர ஃபில்லிங்கும் கேப்பும் போட்டு மூடுவது மூன்றாவது. புகழெல்லாம் நடுவில் உள்ள அடைப்பு வேலைக்கே போய்ச் சேர்கிறது. எந்தப் பொருளை வைத்து அடைக்கிறார்கள், பழைய ரகமா, புதிதாக வந்த பயோசெராமிக்கா என்பதை வைத்தே சிகிச்சையின் தரம் பேசப்படுகிறது. சிகிச்சை முடிந்ததும் எக்ஸ்ரேயில் வெள்ளைக் கோடு வேர்நுனிவரை இடைவெளியின்றித் தெரிந்தால் நோயாளிக்கும் நிம்மதி, மருத்துவருக்கும் நிம்மதி.

அடைக்கும் பொருளே சிகிச்சையின் தரம் என்ற கருத்தை ஆதரிப்போரின் வாதத்தை அதன் முழு வலுவோடு சொன்னால் இப்படி வரும்: குழாயை நுனிவரை நூலிழை இடைவெளி இல்லாமல் அடைத்துவிட்டால் கிருமிக்கு இடமும் இல்லை, இரையும் இல்லை, ஆகவே கசிவு குறைந்த பொருளே நல்ல பொருள், நல்ல பொருளே நல்ல சிகிச்சை. கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இது நோயின் காரணத்தையும் அதன் அடையாளத்தையும் இடம் மாற்றி வைத்துவிட்ட வாதம்.

இதன் வேர் 1931க்குப் போகிறது. ரிக்கெர்ட், டிக்சன் என்ற இருவர் உள்ளீடற்ற ஊசிகளை முயல்களின் திசுவில் பதித்துப் பார்த்தார்கள். ஊசியின் திறந்த வாயைச் சுற்றி அழற்சி தெரிந்தது. உள்ளீடு நிறைந்த திடமான கம்பிகளைச் சுற்றித் தெரியவில்லை. வெற்றுக் குழாய்க்குள் திசுநீர் புகுந்து, தேங்கி, கெட்டு, வெளியே கசிந்து புண்ணாக்குகிறது என்று அவர்கள் முடிவுகட்டினார்கள். அப்படியானால் வேரில் உள்ள எந்த வெற்றிடமும் நோய்க்கு வாசல் என்றாயிற்று. பின்னர் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் இங்கிள் முன்னின்று நடத்திய ஆய்வு, தோல்வியடைந்த 104 பற்களைப் பரிசீலித்து, அவற்றில் 58.66 விழுக்காட்டுக்குக் குழாய் முழுமையாக அடைபடாததே காரணம் என்றது. தசமப் புள்ளியோடு வந்த அந்த எண் பாடநூல்களில் ஏறி, தலைமுறை தலைமுறையாக மனப்பாடமாயிற்று.

இரண்டு தூண்களுமே நிற்கவில்லை. 1960களில் கோல்ட்மன், பியர்சன், டார்னெக் ஆகியோர் குழாய்ப் பரிசோதனையை மறுபடியும் செய்தபோது, சுத்தமான வெற்றுக் குழாய் திசுவை அப்படியொன்றும் தொந்தரவு செய்வதில்லை என்று தெரிந்தது. கிருமி கலந்த திசு உள்ளே இருந்த குழாய்தான் வினையாயிற்று. இங்கிளின் எண்ணிக்கையில் வேறொரு ஓட்டை. எக்ஸ்ரேயில் வெற்றிடம் தெரியும், பாக்டீரியா தெரியாது. அடைப்பு எட்டாத குழாய் பெரும்பாலும் ஃபைலும் எட்டாத, மருந்து நீரும் எட்டாத குழாய். சுத்தம் செய்யாமல் விட்டதன் தடயமே வெற்றிடமாகப் படத்தில் பதிகிறது. தடயத்தையே குற்றவாளி ஆக்கினார்கள்.

உண்மையான குற்றவாளி யார் என்பது 1965இல் அமெரிக்காவில் ககெஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்டு மூவரும் எலிகளில் செய்த பரிசோதனையில் ஐயமின்றித் தெரிந்துவிட்டது. கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளின் கடைவாய்ப்பற்களைத் துளைத்துக் கூழைத் திறந்து, அப்படியே விட்டார்கள். உணவுத் துணுக்குகள் உள்ளே அடைந்தன. ஆனாலும் கூழ் சாகவில்லை. திறந்த இடத்தை மூட டென்டின் எனும் பல்திசுவாலான பாலம்கூட வளர்ந்தது. சாதாரண எலிகளுக்கு அதே துளையைப் போட்டபோது கூழ் அழுகி வேர்நுனியில் சீழ் வைத்தது. துளையும் ஒன்று, உணவும் ஒன்று. இருந்த வேறுபாடு கிருமி மட்டுமே. 1976இல் சுவீடனின் உமியோவில் சுண்ட்க்விஸ்ட் இதையே மனிதப் பற்களில் காட்டினார். அடிபட்டுக் கூழ் செத்துப்போன, ஆனால் மேல்புறம் உடையாத 32 பற்களை அவர் ஆராய்ந்தார். வேர்நுனியில் எலும்பு கரைந்திருந்த 19இல் 18 பற்களில் பாக்டீரியா இருந்தது. எலும்பு கரையாத பற்களில் இல்லை. செத்த திசுவும் தேங்கிய நீரும் தாமாக நோயை உண்டாக்குவதில்லை என்பது அதோடு முடிவான செய்தி.

அடைப்பே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்றும் பார்த்திருக்கிறார்கள். 1983இல் கிளெவன்ட், எகிங்க் இருவரும், சுத்தம் செய்து மேலே மூடிவிட்டு உள்ளே அடைக்காமல் விட்ட வேர்களிலும் புண் ஆறுவதைப் பதிவு செய்தார்கள். 2006இல் சபெட்டி குழுவினர் நாய்களின் வேர்களில் சிலவற்றைச் சுத்தம் செய்து அடைத்தார்கள், சிலவற்றைச் சுத்தம் செய்து அடைக்காமல் மேலே மட்டும் மூடினார்கள். வேர்நுனிப் புண் ஆறியதில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இதை வைத்து அடைக்கவே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நாள்பட மேலிருந்து கசிவு வந்தால் தடுக்க ஏதாவது வேண்டும். ஆனால் புண்ணை ஆற்றுவது அடைப்பு என்ற நம்பிக்கைக்கு இதன் பிறகு என்ன ஆதாரம் மிஞ்சுகிறது?

சுத்தம் செய்வது ஏன் இவ்வளவு சிரமம் என்பதற்கு வேரின் உள்ளமைப்பைப் பார்க்க வேண்டும். குழாய் என்ற சொல் ஒரு நேரான துளையை மனத்தில் கொண்டுவருகிறது. சூரிச்சில் வால்டர் ஹெஸ் பற்களுக்குள் ரப்பரை ஊற்றி இறுகவைத்து, பல்லைக் கரைத்து எடுத்த வார்ப்புகள் 1925இல் ஆங்கிலத்தில் நூலாக வந்தபோது, அந்தக் கற்பனை கலைந்திருக்க வேண்டும். கிளை பிரிந்து, பக்கவாட்டில் ஒன்றையொன்று தொட்டு, தட்டையாகி, நுனியில் விசிறியாகப் பிரிந்த வலைகள் அவை. கீழ்க் கடைவாய்ப்பல்லின் முன்வேரில் இரண்டு குழாய்கள் இருக்கும். அவற்றை இணைத்து ஒரு குறுகிய பிளவு ஓடும். அந்தப் பிளவுக்குள் எந்த ஃபைலும் நுழையாது. 25ஆம் எண் ஃபைலின் முனை 0.25 மில்லிமீட்டர் தடிப்பு, உருண்டை வடிவம். அது தட்டையான குழாய்க்குள் சுழலும்போது நடுவில் ஒரு வட்டத்தைச் செதுக்குகிறது. இரு ஓரங்களும் அப்படியே கிடக்கின்றன. செதுக்கிய டென்டின் தூளைக் கூடவே பிளவுக்குள் திணித்தும் விடுகிறது. 2001இல் சூரிச்சில் பீட்டர்ஸ் குழு நுண் சி.டி. ஸ்கேன் வைத்து அளந்தபோது, நிக்கல்-டைட்டானியம் ஃபைல்கள் எந்த வகையானாலும் குழாய்ச் சுவரில் 35 விழுக்காட்டையோ அதற்கு மேலோ தொடாமலேயே விட்டன. மேல் முதல் கடைவாய்ப்பல்லின் கன்னப்புற முன்வேரில் ஒளிந்திருக்கும் இரண்டாவது குழாய் இன்னொரு தலைவலி. மைக்ரோஸ்கோப் வைத்துத் தேடினால் பெரும்பாலான பற்களில் அகப்படும். வெறுங்கண்ணால் தேடினால் பல வேளைகளில் தப்பிவிடும்.

2005இல் நாயர் குழுவினர் செய்தது இன்னும் நேரடியானது. கீழ்க் கடைவாய்ப்பற்களின் முன்வேரை ஒரே அமர்வில் 5.25 விழுக்காடு ஹைப்போகுளோரைட், இ.டி.டி.ஏ. என்ற மருந்து நீர்களால் கழுவி, முறைப்படி அடைத்து, அப்போதே அறுவை செய்து வேர்நுனியை வெட்டி எடுத்து நுண்ணோக்கியில் வைத்தார்கள். 16இல் 14 பற்களில் பாக்டீரியா மிச்சமிருந்தது. இருந்த இடம் அந்தப் பிளவுகளும் கிளைக்குழாய்களும். எக்ஸ்ரேயில் பார்த்தால் இவை குறைசொல்ல முடியாத சிகிச்சைகள்.

பொருள்பக்தர்களின் வலுவான பதில் இங்கேதான் வருகிறது. முழுமையாகச் சுத்தம் செய்ய முடியாது என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். அப்படியானால் மிச்சக் கிருமியை உள்ளேயே சமாதி கட்டும் பொருள்தானே முக்கியம் என்பார்கள். பாதி சரி. ஓரளவுக்கு மேல் குறைந்துவிட்ட கிருமி இரையின்றி மடியும், அல்லது உடலின் எதிர்ப்புக்கு அடங்கும். ஆனால் சமாதிக்கு ஒரு வரம்பு உண்டு என்பதை 1997இல் ஷோக்ரென் குழு கணக்காகவே காட்டியது. வேர்நுனிப் புண்ணுடன் இருந்த 55 ஒற்றைவேர்ப் பற்களை ஒரே முறையில் சுத்தம் செய்து, அடைப்பதற்குச் சற்று முன் குழாயிலிருந்து மாதிரி எடுத்தார்கள். 22இல் கிருமி வளர்ந்தது, மற்றவற்றில் வளரவில்லை. எல்லாவற்றையும் அதே அமர்வில், அதே பொருளால் அடைத்து 5 ஆண்டுவரை கவனித்தார்கள். கிருமி இல்லாதபோது அடைத்தவற்றில் 94 விழுக்காடு ஆறின. கிருமி இருக்கும்போதே அடைத்தவற்றில் 68 விழுக்காடுதான் ஆறின. அடைப்பில் எந்த வேறுபாடும் இல்லாதபோது இந்த 26 புள்ளி எங்கிருந்து வந்தது? நுனியில் விசிறியாகப் பிரிந்த கிளைகளுக்கு வெளியிலிருந்து திசுநீர் வந்துகொண்டே இருக்கிறது. அங்கே குடியிருக்கும் பாக்டீரியாவை நடுக்குழாயில் வைத்த எந்தப் பசையும் பட்டினி போட முடியாது. சீலர்கள் பலவற்றின் கிருமிநாசினி வீரியமும் இறுகும்வரைதான் நன்றாக இருக்கும்.

ஆகவே நிஜமான சவால் மருந்து நீரை அந்த மூலைகளுக்குக் கொண்டுபோவது. பெய்ஸ்ட்ரோம், சுண்ட்க்விஸ்ட் இருவரும் 1981இல் வெறும் உப்புநீர் வைத்து ஃபைல் போட்டபோது கிருமி வெகுவாகக் குறைந்தது, ஆனால் சில பற்களில் பல அமர்வுகளுக்குப் பிறகும் விடாமல் நின்றது. 0.5 விழுக்காடு ஹைப்போகுளோரைட்டுக்கு மாறியதும் விளைவு மேம்பட்டது. முதல் உலகப்போரில் போர்க்காயங்களைக் கழுவ டாக்கின் என்பவர் பயன்படுத்திய அதே செறிவு அது. துணி வெளுக்கும் திரவத்தின் நெருங்கிய உறவு. விலையோ மிகக் குறைவு, விளம்பரம் கிடையாது. செத்த திசுவைக் கரைக்கும் ஆற்றல் இதற்கு உண்டு. ஆனால் கரைக்கும்போதே தன் குளோரினை இழக்கும், எனவே திரும்பத் திரும்பப் புதிதாக ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஊசி நுனியைத் தாண்டி நீர் சிறிது தூரமே போகும். ஒரு பக்கம் மூடிய குறுகிய குழாய் என்பதால் நுனியில் காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டு நீரைத் தடுக்கும். பக்கவாட்டில் துளையுள்ள மெல்லிய ஊசி, நீரை அதிரவைக்கும் அல்ட்ராசோனிக் முனை, கடைசியில் சுவரில் ஒட்டிய டென்டின் தூள் படிவை அகற்ற 17 விழுக்காடு இ.டி.டி.ஏ., எல்லாவற்றுக்கும் மேலாக நிமிடங்கள் — இவை கேட்பதெல்லாம் பொறுமை. அவசரத்தில் முதலில் வெட்டுப்படுவதும் இந்த நிமிடங்கள்தான். நுனிக்கு அப்பால் நீரை அழுத்தித் தள்ளிவிட்டால் கடுமையான வலியும் வீக்கமும் வரும் என்பதால் கைப்பக்குவமும் தேவை.

அடைக்கும் பொருள்களின் வரலாறோ ஏமாற்றங்களின் வரிசை. 1930களில் வெள்ளிக் கம்பிகள் வந்தன. விறைப்பானவை, வளைந்த குறுகிய குழாயிலும் இறங்கும், எக்ஸ்ரேயில் கம்பீரமாகத் தெரியும். உருண்டைக் கம்பி தட்டைக் குழாயை நிரப்பாது. திசுநீர் பட்டதும் அரித்தது. 1972இல் செல்ட்சர் குழு அந்த அரிப்பைப் படம்பிடித்துக் காட்டிய பிறகு வெள்ளியின் மதிப்பு சரிந்தது. சுவிட்சர்லாந்தின் சார்ஜென்டி முன்வைத்த என்2 பசை இன்னொரு பாதை. பாராஃபார்மால்டிஹைடு கலந்தது, கிருமியை என்றென்றைக்கும் அடக்கும் என்று விற்கப்பட்டது. நுனியைத் தாண்டி அது வழிந்தபோது கீழ்த்தாடை நரம்பு பாதிக்கப்பட்டு உதடு மரத்துப்போனவர்கள் உண்டு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதற்கு ஒப்புதல் தரவில்லை. சுத்தத்தின் இடத்தில் பொருளை வைத்தால் எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது.

அண்மைக்காலத்தில் நடந்த கதை ரெசிலான் என்ற அடைப்புப் பொருளுடையது. 2004 வாக்கில் வந்தது. கட்டா பெர்ச்சா சுவரோடு ஒட்டுவதில்லை. ரெசிலானோ சீலரோடும், சீலர் டென்டினோடும் ஒட்டி, எல்லாம் ஒரே கட்டியாகிவிடும், கசிவுக்கு இடமே இல்லை என்றார்கள். ஆய்வுக்கூடக் கசிவுப் பரிசோதனைகளும் தொடக்கத்தில் அதையே சொல்லின. ஆனால் நீண்ட ஒடுங்கிய குழாயில் ஒட்டும் பரப்பு மிக அதிகம், தளர்ந்து கொடுக்கும் திறந்த பரப்பு மிகக் குறைவு. இறுகும்போது சுருங்கும் ரெசின் சுவரைவிட்டுப் பிய்ந்துவரும் என்பது பொறியியல் கணக்கிலேயே தெரியும். அதன் அடிப்படைப் பொருளான பாலிகேப்ரோலாக்டோன் நீராலும் என்சைம்களாலும் சிதையக்கூடியது. நீண்ட காலம் கழித்து நோயாளிகளைத் திரும்பிப் பார்த்த ஆய்வுகள், கட்டா பெர்ச்சாவைவிடப் பல மடங்கு தோல்வி என்றன. பொருள் சந்தையிலிருந்து போய்விட்டது.

இத்தனைக்கும் பிறகு கசிவுப் பரிசோதனைகளை நம்புவது எப்படி? பிடுங்கிய பல்லை அடைத்து, சாயத்தில் ஊறவைத்து, எவ்வளவு தூரம் சாயம் ஏறியது என்று அளப்பதுதான் அவற்றில் பல. ஒரே பொருளுக்கு ஒரு கூடத்தில் ஒரு விடை, இன்னொரு கூடத்தில் வேறு விடை. 2007இல் ஜர்னல் ஆஃப் எண்டோடான்டிக்ஸ் இதழின் ஆசிரியர் குழு, சீலர்களின் கசிவை ஒப்பிடும் இத்தகைய கட்டுரைகளை இனி ஏற்பதில்லை என்று கையை விரித்தது. ஆயினும் விற்பனைத் துண்டறிக்கைகளில் சாயம் ஏறிய பற்கள் இன்றும் காட்சி தருகின்றன.

இவற்றுக்கு நடுவே அசையாமல் நிற்பது கட்டா பெர்ச்சா. மலாய்த் தீபகற்பத்து மரத்தின் பால். கடலடித் தந்திக் கம்பிக்கு உறையாக இருந்தது. 1867இல் செயின்ட் லூயிஸ் நகரின் போமன் வேரை அடைக்க எடுத்தார். இன்றைய குச்சியில் மரப்பால் ஐந்தில் ஒரு பங்குதான். பெரும்பகுதி துத்தநாக ஆக்சைடு. ஒட்டாது, கிருமியைப் பெரிதாகக் கொல்லாது. சூடு காட்டினாலோ கரைப்பான் ஊற்றினாலோ இளகி வெளியே வந்துவிடும் என்பதே அதன் பெரிய குணம். அதைச் சூடாக்கி அழுத்துவதா, குளிர்ந்த நிலையில் பக்கவாட்டில் திணிப்பதா என்ற பழைய சண்டைக்கு 2007இல் வந்த தொகுப்பாய்வு ஒன்று தந்த விடை: நீண்டகால வெற்றியில் வேறுபாடு இல்லை, சூடாக்கினால் நுனியைத் தாண்டி வழியும் வாய்ப்புதான் கூடுதல்.

பொருள் உண்மையாகவே தீர்மானிக்கும் இடங்களும் உண்டு. அதை மறுப்பது இன்னொரு மயக்கம். வேரின் பக்கவாட்டில் தவறிப்போய் ஓட்டை விழுந்தால், அறுவை செய்து வேர்நுனியை வெட்டி அடைக்க நேர்ந்தால், சிறுவர்களின் முற்றாத பல்லில் நுனி அகலத் திறந்திருந்தால், அங்கே ஈரத்தில் இறுகும், உயிர்த்திசுவுக்கு ஒத்துவரும் பொருள் வேண்டும். லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் தோராபிநெஜாத் 1990களில் உருவாக்கிய எம்.டி.ஏ. அந்தப் பற்களின் விதியையே மாற்றியது. அதில் முக்கால் பங்கு போர்ட்லாண்ட் சிமென்ட் என்பது பலரை வியக்கவைக்கும். ஆனால் ஓட்டையை மூடுவதில் சாதித்த புகழை, அதன் உறவினரான பயோசெராமிக் சீலர்களுக்குச் சாதாரணக் குழாய் அடைப்பிலும் கடன் கொடுத்து விற்பது வேறு விஷயம். ஒப்பிட்ட மருத்துவ ஆய்வுகளில் அவை வழக்கமான ரெசின் சீலர்களுக்கு இணையாக நிற்கின்றன. பெரிய முந்துதல் எதுவும் தெரியவில்லை.

மூன்றாவது வேலையான மேல்மூடி, பொருள் பற்றிய சர்ச்சையில் முற்றிலும் மறக்கப்படுகிறது. 1995இல் ரே, ட்ரோப் இருவரும் 1010 பற்களின் எக்ஸ்ரேக்களைப் பார்த்தார்கள். வேர் அடைப்பும் மேல் ஃபில்லிங்கும் நன்றாக இருந்தவற்றில் 91.4 விழுக்காட்டில் வேர்நுனி நலமாக இருந்தது. வேர் அடைப்பு நன்றாக இருந்தும் மேலே மோசமாக இருந்தால் 44.1; வேர் அடைப்பு மோசமாக இருந்தும் மேலே நன்றாக இருந்தால் 67.6. பின்னால் வந்த டிரான்ஸ்டாட் குழுவின் ஆய்வு வேர் வேலைக்கே முதலிடம் தந்தது, தொகுப்பாய்வுகள் இரண்டும் வேண்டும் என்றன, எனவே 67.6ஐ மந்திர எண்ணாக ஆக்க வேண்டியதில்லை. ஆனால் பல் வாயில் நிலைப்பதைப் பார்த்தால் படம் தெளிவு. அமெரிக்கக் காப்பீட்டுப் பதிவுகளிலிருந்து 14 லட்சத்துக்கும் மேற்பட்ட பற்களை 8 ஆண்டுக்காலம் பின்தொடர்ந்த 2004 ஆய்வில் 97 விழுக்காடு பற்கள் வாயிலேயே இருந்தன. பிடுங்க நேர்ந்தவற்றில் 85 விழுக்காடு முழுக் கேப் போடாதவை. விலை உயர்ந்த சீலருக்குப் பணம் கட்டிவிட்டு, வலிதான் நின்றுவிட்டதே என்று கேப்பைத் தள்ளிப்போடுவது, ஓதம் ஏறும் சுவருக்கு ஒசத்தி பெயின்ட் அடிப்பது போன்றது.

மேல்மூடியைப் போலவே பேசப்படாத இன்னொன்று, எச்சில் குழாய்க்குள் இறங்காமல் தடுக்கும் ரப்பர் டேம். அது 1864இல் நியூயார்க்கின் பார்னம் கண்டது. பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் விரிப்பும் கவ்வியும், அவ்வளவுதான். தைவானில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பற்களை ஆராய்ந்த 2014 ஆய்வில், டேம் போட்டவற்றில் 90.3 விழுக்காடும் போடாதவற்றில் 88.8 விழுக்காடும் நிலைத்தன. வேறுபாடு சிறிதுதான். ஆனால் இந்தச் சிறு வேறுபாட்டையும் சாதாரணக் குழாய் அடைப்பில் காட்டிய புதிய பசை அரிது; சின்ன ஃபைல் தொண்டைக்குள் வழுக்கிப் போகாமல் காப்பது தனிக் கணக்கு.

இத்தனை புதுப் பொருள்கள் வந்த பிறகும் வெற்றி விகிதம் எங்கே நிற்கிறது என்பதுதான் பொருளே தரம் என்ற கருத்துக்கு மிகச் சங்கடமான கேள்வி. 2008இல் எங், மன், குலாபிவாலா குழு பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்தபோது, கறாரான அளவுகோலில் வெற்றி 68 முதல் 85 விழுக்காடு. நாற்பது ஐம்பது ஆண்டுகளில் அது உயரவே இல்லை. விளைவைத் தீர்மானிப்பவையாக அவர்கள் கண்டவை: தொடக்கத்தில் வேர்நுனிப் புண் இருந்ததா, அடைப்பில் வெற்றிடம் உண்டா, அது நுனிக்கு 2 மில்லிமீட்டருக்குள் முடிகிறதா, மேல்மூடி சரியா. பொருளின் பெயர் பட்டியலில் இடம்பெறவில்லை. வெற்றிடமும் நீளமும் இருக்கின்றனவே என்று பொருள் அணியினர் சுட்டலாம். அவை ஃபைலும் நீரும் எவ்வளவு தூரம் போயின என்பதற்கான தடயங்கள் என்ற முந்தைய பதிலே அதற்கும் பொருந்தும்.

தோற்ற பல்லைத் திரும்பத் திறக்கும் மருத்துவர் பல வேளைகளில் காண்பது, அழகாக அடைத்த குழாய்களுக்குப் பக்கத்தில் யாரும் தொடாத ஒரு குழாய்வாய். உள்ளே இருப்பது கட்டா பெர்ச்சா என்றால் இளக்கி எடுத்துவிடலாம். நுனிவரை இறுகிய பயோசெராமிக் என்றால் அதைச் சுரண்டி எடுக்கும் முயற்சியிலேயே வேர் சேதமாகலாம். வேர்நுனிப் புண்ணோடு மறுசிகிச்சைக்கு வரும் பற்களில் ஷோக்ரென் குழு 1990இல் கண்ட வெற்றி 62 விழுக்காடு. அதே புண்ணோடு முதல்முறை செய்தவற்றில் 86. புண் வருமுன் செய்தவற்றில் 96க்கும் மேல். மூன்றிலும் வைத்து அடைத்தது கட்டா பெர்ச்சாதான்.